ஸ்டாஃப் ரூமுக்கு வெளியே: வடசென்னை உயர்நிலைப் பள்ளிக்குப் புதிதாக வரும் ஆசிரியருக்கு

பணி நியமன ஆணையைக் கையில் வைத்துக்கொண்டு வண்ணாரப்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ எண்ணூரிலோ ஒரு பள்ளி வாசலில் போய் நிற்கப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பாடம் நடத்துவது எப்படி என்று இதில் ஒன்றும் இருக்காது. அதற்கு பி.எட். படித்திருக்கிறீர்கள், துறைப் பயிற்சிகளும் வரும். பள்ளிக்கூடத்தைக் காலையில் திறந்து மாலையில் பூட்டுகிற வரை ஓட்டுகிறவர்கள் யார் யார், அவர்களிடம் எதற்குப் போகலாம், பிள்ளைகளிடம் என்ன வேலை கொடுக்கலாம், எதைக் கொடுக்கவே கூடாது என்பதை எந்தப் பயிற்சியிலும் சொல்வதில்லை. முதல் வருடம் தடுமாறுகிற இளம் ஆசிரியர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். பாடத்தில் அவர்கள் கெட்டிக்காரர்கள்தான். எந்தச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதுதான் தெரிந்திருக்காது.

வருவதற்கு முன்: பள்ளி யாருடையது?

ஒரே தெருவில் எதிரெதிராக ஒரு மாநகராட்சிப் பள்ளியும் ஓர் அரசு உதவிபெறும் பள்ளியும் இருக்கலாம். இரண்டு தெரு தள்ளி பள்ளிக் கல்வித் துறையின் அரசுப் பள்ளி இருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுதான். உள்ளே அப்படி இல்லை. மாநகராட்சிப் பள்ளியென்றால் சம்பளம், மாறுதல், கட்டடப் பழுது எல்லாம் மாநகராட்சியின் கல்வித் துறை வழியாகவும் மண்டல அலுவலகம் வழியாகவும் போகும். வடசென்னைக்கு ஒன்று முதல் ஆறு வரையிலான மண்டலங்கள்: திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, ராயபுரம், திரு.வி.க. நகர். அரசுப் பள்ளியென்றால் மாவட்டக் கல்வி அலுவலர், முதன்மைக் கல்வி அலுவலர் என்று வேறு ஏணி. உதவிபெறும் பள்ளியில் இடையில் நிர்வாகக் குழு ஒன்று இருக்கும்.

இது ஏன் முக்கியம்? துப்புரவுப் பணியாளர் யாருடைய ஊழியர், வாட்ச்மேனுக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள், உடைந்த குழாயை யாரிடம் சொல்லிச் சரிசெய்வது என்ற எல்லாமே இதைப் பொறுத்துத்தான் மாறும். சேர்ந்ததும் தலைமையாசிரியரிடம் வெட்கப்படாமல் கேட்டுவிடுங்கள்: "இங்கே யார் யார் நிரந்தரம், யார் தொகுப்பூதியம், யார் ஒப்பந்தம்?" ஒப்பந்தத்தில் வேலை பார்க்கிறவரிடம் நிரந்தர ஊழியரிடம் எதிர்பார்ப்பதை எல்லாம் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

சேரும் நாள்: ஆபீஸ் அறை

உயர்நிலைப் பள்ளி ஆபீஸ் என்றால் பெரும்பாலும் ஒரே ஓர் இளநிலை உதவியாளர்தான். எல்லோரும் "கிளார்க் சார்" அல்லது "கிளார்க் மேடம்" என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த இடம் காலியாக இருக்கிற பள்ளிகளும் உண்டு. அங்கே பக்கத்துப் பள்ளியிலிருந்து ஒருவர் வாரத்தில் சில நாள் வந்து போவார். எந்தெந்த நாள் என்று முதலிலேயே கேட்டுவையுங்கள்.

நியமன ஆணை, அசல் சான்றிதழ்கள், நகல்கள், ஆதார், பான், வங்கிக் கணக்குப் புத்தகம், புகைப்படம் எல்லாவற்றையும் ஒரே உறையில் வரிசையாக வைத்துக் கொடுங்கள். பணிப்பதிவேடு தொடங்குவது, சம்பளம் போடும் களஞ்சியம் இணையதளத்தில் உங்கள் பெயரை ஏற்றுவது, ஓய்வூதியக் கணக்கு எண் வாங்குவது என்று அவர் மேசையில் உங்களுக்காகவே ஒரு கட்டு வேலை சேரும். முதல் சம்பளம் தாமதமாகத்தான் வரும். தினமும் போய் "சார், என் பில் என்னாச்சு?" என்று நின்றால் வேகமாக நடக்காது. வாரம் ஒரு முறை, பிள்ளைகள் கிளம்பிய பிறகு போய்க் கேளுங்கள். சம்பளப் பட்டியல் போடுகிற நாட்களில் மட்டும் வேறு எந்த வேலையோடும் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

ஒன்றை மட்டும் நீங்களே நினைவுபடுத்த வேண்டும்: சான்றிதழ்களின் உண்மைத்தன்மைச் சான்று. தகுதிகாண் பருவம் முடிக்க அது வேண்டும். பல்கலைக்கழகத்திலிருந்து வர மாதக்கணக்கில் ஆகும். சேர்ந்த கையோடு கடிதம் போய்விட்டதா என்று பாருங்கள்.

அப்புறம், சேர்க்கைப் பதிவேடு. அலமாரியில் அடுக்கியிருக்கும் அந்தத் தடிமனான, ஓரம் கிழிந்த, நூல் தைத்த புத்தகங்களைப் பழைய காகிதம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு பிள்ளை ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில்தான் படித்தது என்பதற்கு மூலச் சான்று அதுதான். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020-இல் கொடுத்த 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கும் ஆறு முதல் பன்னிரண்டு வரை எங்கே படித்தார்கள் என்ற சான்று வேண்டும். கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்துக்கும் அதே கேள்விதான். அந்தத் திட்டத்தை 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிவைத்ததே இங்கே பிராட்வே பக்கம் இருக்கிற பாரதி மகளிர் கல்லூரியில்தான். பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில் வந்தது. பத்தாம் வகுப்போடு நம்மிடமிருந்து போன பெண் இரண்டு மூன்று வருடம் கழித்து வந்து ஆபீஸ் ஜன்னலில் நிற்பாள். பதிவேட்டில் தகப்பன் பெயரின் முதல் எழுத்து ஒருவிதம், ஆதாரில் வேறுவிதம் என்றால் அவள் அலைச்சல் ஆரம்பம்.

இதில் வகுப்பாசிரியருக்கு என்ன வேலை என்றால், ஒன்பதாம் வகுப்பிலேயே ஒவ்வொரு பிள்ளையின் பெயர், முதல் எழுத்து, பிறந்த தேதி மூன்றையும் பதிவேடு, எமிஸ் (துறையின் மாணவர் விவர இணையதளம்), ஆதார் ஆகியவற்றோடு ஒத்துப் பார்த்துவிடுவது. தப்பு இருந்தால் பெற்றோரை வரவழைத்து அப்போதே திருத்தலாம். பத்தாம் வகுப்பு நாமினல் ரோல் (பொதுத் தேர்வு எழுதுகிறவர்களின் பெயர்ப்பட்டியல்) போன பிறகு திருத்துவது பெரும்பாடு. கிளார்க் உங்களை மதிக்க ஆரம்பிப்பதும் இந்த வேலையைச் செய்து கொடுக்கும்போதுதான்.

முதல் வாரம்: மணியும் சர்க்குலரும்

அலுவலக உதவியாளரைப் பல பள்ளிகளில் இன்னும் பியூன் என்றுதான் சொல்கிறார்கள். நீங்கள் அண்ணன் என்றோ அக்கா என்றோ கூப்பிடுங்கள். வயதில் பெரியவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவர் ஒன்றும் சொல்ல மாட்டார், ஆனால் ஸ்டாஃப் ரூம் வரை செய்தி வந்துவிடும்.

மணியின் கணக்கைக் கற்றுக்கொள்ளுங்கள். கரண்ட் மணி இருக்கும் பள்ளியிலும் தாழ்வாரத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். மின்சாரம் போனால் அதுதான். முதல் மணி, இரண்டாம் மணி, எத்தனையாவது பீரியடோ அத்தனை அடி, கடைசியில் லாங் பெல். நடுவில் தண்ணீர் குடிக்க ஒரு மணி. இதில் உங்களுக்குத் தெரிய வேண்டியது, பீரியட் நடுவில் இடைவிடாமல் அடித்தால் என்ன அர்த்தம் என்பது. எல்லோரையும் மைதானத்துக்குக் கூட்டி வரச் சொல்வதா, யாரும் வகுப்பை விட்டு வெளியே வரக் கூடாது என்பதா? பள்ளிக்குப் பள்ளி மாறும். எண்ணூர், மணலி, திருவொற்றியூர்ப் பக்கம் வேலை என்றால் இதை முதல் நாளே கேளுங்கள். ஆலைப் பகுதி அது. 2023 டிசம்பரில் எண்ணூரில் அமோனியா கசிந்தபோது நள்ளிரவில் சனங்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். "மிஸ், கண்ணு எரியுது, ஏதோ நெடி அடிக்குது" என்று பிள்ளைகள் சொன்னால் சாக்கு என்று தள்ளிவிடாமல் உடனே தலைமையாசிரியருக்குச் சொல்லி அனுப்புங்கள்.

சர்க்குலர் வந்தால் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பாடம் நடக்கிறதே என்று படிக்காமல் போட்டுவிட்டு, மறுநாள் "எனக்குத் தெரியாது" என்று சொல்ல முடியாது.

ஆயாம்மா

துப்புரவுப் பணி பார்க்கும் அம்மாவைத்தான் ஆயாம்மா என்பார்கள். பள்ளிக்கு எல்லோருக்கும் முன்னால் வருகிறவர் இவர். வடசென்னையில் மைதானம் உள்ள பள்ளிகளில் மாலையில் தெருப் பையன்கள் கால்பந்து விளையாடுவார்கள், அது நல்லதுதான். இருட்டிய பிறகு சுவர் ஏறி வருகிறவர்கள் வேறு ரகம். விடியற்காலையில் திண்ணையில் கிடக்கும் பாட்டில், பிளாஸ்டிக் டம்ளர், எலும்புத் துண்டு எல்லாவற்றையும் பிரேயருக்கு முன் அள்ளிப் போட்டுவிட்டுத்தான் ஆயாம்மா மூச்சு விடுவார். நாம் எட்டே முக்காலுக்கு வரும்போது எல்லாம் சுத்தமாக இருப்பதால் அப்படி ஒன்று நடந்ததே நமக்குத் தெரியாது.

பல பள்ளிகளில் நிரந்தரத் துப்புரவுப் பணியிடம் கிடையாது. சொற்பத் தொகுப்பூதியத்தில் ஒரு அம்மா, அதுவும் இரண்டு மூன்று மாதம் பாக்கியோடு. பெற்றோர் ஆசிரியர் கழகம் ஏதாவது சேர்த்துக் கொடுத்தால் உண்டு. அவரிடம் உங்கள் டிபன் பாக்ஸைக் கழுவச் சொல்வது, டீ வாங்கி வரச் சொல்வது எல்லாம் அவர் வேலை இல்லை. "எப்பவும் இப்படித்தான்" என்று மூத்தவர்கள் சொல்லலாம். நீங்கள் உங்கள் டம்ளரை நீங்களே கழுவி வைத்தால் யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை.

நீங்கள் செய்ய வேண்டியவை சில. வகுப்பில் ஒரு குப்பைக்கூடை இருக்கிறதா, அது மாலையில் வெளியே வைக்கப்படுகிறதா என்று பாருங்கள். பெஞ்சுகளைக் கடைசி மணிக்குப் பின் சுவரோரம் தள்ளி வைக்கச் சொன்னால் பெருக்குவதற்குப் பாதி நேரம் மிச்சம். கழிவறையில் தண்ணீர் வரவில்லை என்றால் ஆயாம்மாவைத் திட்டாமல் மோட்டார் போட்டார்களா, தொட்டி நிறைந்ததா, தண்ணி லாரி வந்ததா என்று விசாரியுங்கள். கோடைக்கு முன்பே சம்ப் வறண்டுவிடும் பள்ளிகள் இந்தப் பக்கம் உண்டு. வாசலில் சாக்கடை அடைத்துக் கிடந்தால் மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் பதிந்து, புகார் எண்ணைக் குறித்து ஆபீஸில் கொடுங்கள்.

ஆசிரியையாக இருந்தால் இன்னொன்று: நாப்கின் எங்கே இருக்கிறது, எரியூட்டி வேலை செய்கிறதா என்பதை ஆயாம்மாவிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். வயதுக்கு வரும் பிள்ளைகள் டீச்சரிடம் போவதற்கு முன் அவரிடம்தான் போகிறார்கள். ஆண் ஆசிரியர்கள், ஒரு பெண் வகுப்பை விட்டு வெளியே போகக் கேட்டால் ஏன் எதற்கு என்று நோண்டாமல் அனுப்பிவிடுங்கள்.

சத்துணவுக் கூடம்: காலையில் ஒரு கணக்கு

1920-இலேயே ஆயிரம் விளக்கில் ஒரு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு போட்டுப் பார்த்த ஊர் இது. காமராஜர் காலத்தில் 1956-இல் மாநிலம் எங்கும் விரிந்தது. எம்.ஜி.ஆர். 1982-இல் சத்துணவாக மாற்றினார். பத்தாம் வகுப்பு வரைக்கும் உண்டு என்பதால் உயர்நிலைப் பள்ளியில் எல்லா வகுப்புக்கும் இது பொருந்தும்.

கூடத்தில் அமைப்பாளர், சமையலர், சமையல் உதவியாளர் என்று மூன்று பேர் இருக்க வேண்டும். மூன்று பேர் வேலையை இரண்டு பேர் பார்க்கிற பள்ளிகள்தான் நிறைய. அவர்களுக்கு உங்களிடமிருந்து வேண்டியது ஒன்றே ஒன்று: இன்று உங்கள் வகுப்பில் எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள் என்ற கணக்கு, முதல் பீரியட் முடிவதற்குள். அரிசி அளந்து உலையில் போட்ட பிறகு "சாரி அக்கா, இன்னும் எட்டுப் பேர்" என்று சீட்டு அனுப்பினால் கடைசியில் வரிசையில் நிற்கும் பிள்ளைக்குக் குழம்பு இருக்காது. முட்டையும் எண்ணித்தான் வரும்.

பரிமாறுவதற்கு முன் ஓர் ஆசிரியர் சாப்பிட்டுப் பார்த்துப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். உங்கள் முறை வரும் நாளில் நின்றுகொண்டே ஒரு ஸ்பூன் வாயில் போட்டுவிட்டுக் கையெழுத்து போடாதீர்கள். தட்டில் வாங்கி உட்கார்ந்து சாப்பிடுங்கள். உப்பு கூடியிருந்தால் சமையலரிடம் தனியாகச் சொல்லுங்கள், பிள்ளைகள் முன்னால் வேண்டாம். ஆசிரியர் உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்தால், 'சத்துணவு சாப்பிடுறவன்' என்று கேலிக்குப் பயந்து பட்டினி கிடக்கும் ஒன்பதாம் வகுப்புப் பையன்களும் மெல்லத் தட்டை எடுப்பார்கள்.

ஆறாம் வகுப்பு உங்களுக்கு வந்தால் கூடுதலாகக் கவனியுங்கள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையான பிள்ளைகளுக்காகத் தொடங்கியது. சென்னையில் முதலில் வந்ததே வடசென்னைப் பள்ளிகளுக்குத்தான். ஐந்தாவது வரை காலையில் பள்ளியிலேயே பொங்கலும் உப்புமாவும் சாப்பிட்டுப் பழகிய பிள்ளை ஜூன் மாதம் உங்கள் வகுப்புக்கு வந்து உட்காரும்போது வீட்டில் காலைச் சமையல் பழக்கமே இருக்காது. அம்மா ஆறு மணிக்கே வீட்டு வேலைக்கோ மீன் ஏலத்துக்கோ போயிருப்பார். பிரேயரில் மயங்கி விழுகிற பிள்ளையைப் பார்த்தால் முகத்தில் தண்ணீர் தெளிப்பதோடு விடாமல் "காலையில என்ன சாப்பிட்ட?" என்று கேளுங்கள். "டீ" என்று பதில் வரும். ஸ்டாஃப் ரூம் அலமாரியில் ஒரு டப்பா பிஸ்கட் எப்போதும் இருக்கட்டும். அந்த ஜூன் மாதத்திலேயே காசிமேட்டுக் குடும்பங்களுக்கு இன்னொரு நெருக்கடியும் இருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். வருமானம் நின்று போயிருக்கும் அந்த நேரத்தில் பள்ளி திறந்ததும் ஐம்பது ரூபாய், நூறு ரூபாய் என்று எதற்கும் கேட்காதீர்கள்.

ஆய்வகம், நூலகம், மைதானம்

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். ஆய்வக உதவியாளர் இருந்தால் நாளை என்ன சோதனை என்று இன்றே சீட்டு எழுதிக் கொடுங்கள். அமிலப் புட்டியை எடுத்து வர மாணவனை அனுப்பாதீர்கள். ஹைடெக் லேப் என்கிற கணினி அறையைப் பார்த்துக்கொள்பவர் பெரும்பாலும் ஒப்பந்த ஊழியர். எமிஸ் வேலையும் இணையத் தேர்வு வேலையும் அவர் தலையில்தான். உங்கள் கடவுச்சொல்லையும் சேர்த்து அவர் தலையில் கட்டாதீர்கள். ஓவியம், தையல், உடற்கல்விக்குப் பகுதி நேர ஆசிரியர்கள் இருக்கலாம். 2012-இல் வேலைக்கு வந்து இன்னமும் நிரந்தரம் கேட்டுக்கொண்டிருப்பவர்கள். அவர்கள் வரும் அரை நாளில் உங்கள் போர்ஷன் முடியவில்லை என்று அந்தப் பீரியடைப் பிடுங்க வேண்டாம்.

பி.டி. சாரை மட்டும் நெருக்கமாகத் தெரிந்துகொள்ளுங்கள். கால்பந்து, கேரம், குத்துச்சண்டை என்று இந்தப் பகுதிக்கே ஒரு விளையாட்டுச் சரித்திரம் இருக்கிறது. வகுப்பில் வாய் திறக்காத பையன் மைதானத்தில் அவரிடம் எல்லாம் சொல்லியிருப்பான். "அவன் ஏன் சார் வரலை?" என்று எமிஸில் தேடுவதைவிட அவரைக் கேட்பது வேகம்.

வாசல் கேட்டும் மழையும்

வாட்ச்மேன் இருந்தால் அதிர்ஷ்டம். எந்தப் பிள்ளையை யார் கூட்டிப் போக வருகிறார்கள், வெளியே பைக்கில் நிற்பவன் அண்ணனா வேறு யாரா என்பது அவருக்குத் தெரியும். உங்கள் வகுப்புப் பிள்ளையை நடுவில் வீட்டுக்கு அனுப்பினால் கையெழுத்திட்ட சீட்டு இல்லாமல் அனுப்பாதீர்கள். அவர் விடமாட்டேன் என்று தடுத்தால் கோபப்படாதீர்கள், நன்றி சொல்லுங்கள். சாலைப் பாதுகாப்புப் படை மாணவர்கள் கேட்டருகே நின்றால் அவர்கள் பாதுகாப்பும் நம் பொறுப்புதான். கன்டெய்னர் லாரி ஓடுகிற சாலையில் நடுரோட்டில் பிள்ளை நின்று வண்டியை நிறுத்தக் கூடாது. பெரியவர் ஒருவர் கூட நிற்க வேண்டும்.

அக்டோபர் தொடங்கிவிட்டால் கணேசபுரம் சுரங்கப்பாதை, வியாசர்பாடி ஜீவா பக்கச் சுரங்கப்பாதை இரண்டும் எப்போது மூடும் என்று தெரியாது. பேருந்து சுற்றிப் போகும். தாமதமாக வரும் பிள்ளையை அந்த மாதங்களில் வெளியே நிறுத்தாதீர்கள். பலத்த மழை என்றால் மாநகராட்சிப் பள்ளிகள் பலவும் நிவாரண முகாம்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது பார்த்தோமே. முகாம் வரும் முன் உங்கள் வகுப்பு அலமாரியில் இருக்கும் விடைத்தாள், பதிவேடு, பிள்ளைகளின் நோட்டு எல்லாவற்றையும் மேல்மாடிக்கு மாற்ற வேண்டும். யார் சாவி வைத்திருக்கிறார்கள் என்று செப்டம்பரிலேயே கேட்டுவையுங்கள். முகாம் முடிந்து பள்ளி திறக்கும் முதல் நாள், ஆயாம்மா ஒருவரால் அத்தனை அறையையும் கழுவ முடியாது. கூடுதல் ஆள் கேட்டு மண்டலத்துக்குத் தலைமையாசிரியர் முந்தைய நாளே எழுதினாரா என்று நினைவூட்டுங்கள்.

பிள்ளைகளிடம் என்ன கொடுக்கலாம்

இதைத்தான் புதியவர்கள் அதிகம் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். எள் என்றால் எண்ணெயாக நிற்கும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் நாலு பேர் இருப்பார்கள். அவர்கள் கிடைத்த மகிழ்ச்சியில் எல்லா வேலையையும் அவர்களிடமே தள்ளிவிடுவோம். அந்த நாலு பேர் படிப்பதே இல்லை என்பது காலாண்டுத் தேர்வில்தான் தெரியவரும்.

முதலில் ஏற்கனவே இருக்கும் அமைப்புகளைத் தெரிந்துகொள்ளுங்கள். ஜூனியர் ரெட் கிராஸ், சாரணர், தேசிய பசுமைப் படை, சில பள்ளிகளில் என்.சி.சி. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆசிரியர் பொறுப்பு. புதிதாக வந்த உங்கள் தலையில் ஒன்று விழும், பெரும்பாலும் பசுமைப் படை. மகிழ் முற்றம் என்ற பெயரில் பிள்ளைகளைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து குழுக்களாகப் பிரித்திருப்பார்கள். கடலோரப் பிள்ளைகள் எல்லோரும் நெய்தல்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பார்கள். விடக் கூடாது, கலந்துதான் பிரிக்க வேண்டும்.

வகுப்பு லீடரை முதல் மார்க் வாங்குகிறவர் என்பதற்காக மட்டும் போடாதீர்கள். ஜூன் முழுக்கச் சும்மா கவனியுங்கள். கரும்பலகையைச் சொல்லாமலே துடைப்பது யார், சண்டையை நிறுத்துவது யார், லீவு போட்டவனுக்கு நோட்டு கொடுப்பது யார் என்று தெரிந்துவிடும். அப்புறம் ஒரு பையன், ஒரு பெண் என்று போட்டு, மாதம் ஒருமுறை மாற்றுங்கள். வருகைப் பதிவேட்டை எடுத்து வருவது, சாப்பாட்டுக் கணக்கைச் சத்துணவுக் கூடத்தில் கொடுப்பது, சாக்பீஸ், ஃபேன் சுவிட்ச், நூலகப் புத்தகம் என்று வேலையைப் பிரித்துச் சுவரில் ஒட்டிவிட்டால் வகுப்பில் பாதிப் பேருக்கு ஏதாவது ஒரு பொறுப்பு கிடைக்கும். பிரேயரில் குறள் சொல்வது, செய்தி வாசிப்பது எல்லாம் வரிசைப்படி. திக்கிப் பேசும் பிள்ளையையும் விட்டுவிடாதீர்கள். அவருக்கு முன்கூட்டியே இரண்டு நாள் கொடுங்கள்.

வடசென்னைக்கே உரிய ஓர் உதவி உண்டு. வீட்டில் தெலுங்கும் உருதும் பேசுகிறவர்கள் இங்கே தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். இந்தி பேசும் கூலித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் இப்போது சேர்கிறார்கள். புதிதாக வரும் பிள்ளைக்குப் பக்கத்தில் அந்த மொழி தெரிந்த ஒருவரை உட்கார வையுங்கள். இடைவேளை எப்போது, கழிவறை எங்கே, தட்டு எங்கே வாங்குவது என்பதை ஆசிரியரைவிட அவர் நன்றாகச் சொல்லித் தருவார். ஆனால் பெற்றோரிடம் குடும்ப விஷயமோ மருத்துவ விஷயமோ பேச வேண்டும் என்றால் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். பெரியவர் ஒருவரைத் தேடுங்கள். பல நேரம் ஆயாம்மாவுக்கே தெலுங்கு தெரியும்.

இனி கொடுக்கவே கூடாதவை. கழிவறை கழுவும் வேலை, சாக்கடை அள்ளுவது, எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. தண்டனையாகவும் கூடாது. இப்படிப் பிள்ளைகளைச் செய்யவைத்த தலைமையாசிரியர்கள் பணியிடை நீக்கம் ஆகியிருக்கிறார்கள். அந்த வேலைக்கு 'யாரை' அனுப்புகிறார்கள் என்று பார்த்தால் அதில் சாதி ஒளிந்திருப்பது தெரியும், அதனால்தான் இதில் சலுகையே இல்லை என்கிறேன். சத்துணவுக் கூடத்தில் கொதிக்கும் பாத்திரம் தூக்குவது, காஸ் சிலிண்டர் நகர்த்துவது, நாற்காலி மேல் ஏறி ஃபேன் துடைப்பது, விலையில்லாப் பாடநூல் கட்டுகளை லாரியிலிருந்து இறக்குவது, ரோட்டைத் தாண்டி டீ வாங்கி வருவது, பணம் வசூலிப்பது, மற்றப் பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியலைக் கையாள்வது எல்லாம் இதே பட்டியலில் சேரும்.

இன்னொன்று எல்லோரும் சாதாரணமாகச் செய்வது: லீடரை நிறுத்திப் 'பேசுபவர்கள் பெயர்' என்று கரும்பலகையில் எழுத வைப்பது. வேண்டாம். லீடருக்குப் பிடிக்காதவன் பெயர்தான் எப்போதும் மேலே இருக்கும். மணி அடித்ததும் அந்தக் கணக்கு மூலக்கொத்தளம் பேருந்து நிறுத்தத்தில் தீர்க்கப்படும். குச்சியை லீடர் கையில் கொடுப்பவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

உதவியாளர்கள் காதில் விழும் செய்தி

ஒரு பிள்ளைக்கு வீட்டிலோ பள்ளியிலோ ஏதோ நடக்கிறது என்றால் அது முதலில் வகுப்புத் தோழிக்குத் தெரியும், அடுத்து ஆயாம்மாவுக்கோ சமையலருக்கோ. நமக்குக் கடைசியில்தான். அவர்கள் வந்து "டீச்சர், ஒண்ணு சொல்லணும்" என்றால் கையில் இருக்கும் நோட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள். பாலியல் தொல்லை என்றால் காதும் காதும் வைத்தாற்போல் முடித்துவிடலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். போக்சோ சட்டப்படி தெரிந்தவர் புகார் செய்தே ஆக வேண்டும், மறைத்தால் தண்டனை. குழந்தைகள் உதவி எண் 1098. கல்வித் துறையின் உதவி எண் 14417. இரண்டும் வகுப்புச் சுவரில் பெரிய எழுத்தில் இருக்கட்டும். பிள்ளைகள் புகாரை எழுதிப் போடும் 'மாணவர் மனசு' பெட்டி எங்கே மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். தலைமையாசிரியர் அறை வாசலில் எல்லோர் கண்ணும் படும் இடத்தில் இருந்தால் யாரும் எதுவும் போட மாட்டார்கள், இடத்தை மாற்றக் கேளுங்கள்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் தலைவராக இருப்பவர் ஒரு பெற்றோர்தான். பெரும்பாலும் அதே தெருவில் இட்லிக் கடையோ தையல் மெஷினோ வைத்திருக்கும் அம்மாவாக இருப்பார். துப்புரவுப் பணியாளர் சம்பள பாக்கி, தண்ணீர், மதில் சுவர் இவற்றைக் கூட்டத்தில் தீர்மானமாக எழுதவைக்க அவரால் முடியும். நாம் ஸ்டாஃப் ரூமில் புலம்புவதால் ஒன்றும் ஆகாது.

மாறுதல் கிடைத்தால்

ஓரிரு வருடத்தில் கலந்தாய்வில் உங்களுக்கு வேறு ஊர் கிடைக்கலாம். கிளம்பும்முன் கிளார்க்கிடம் கடைசி ஊதியச் சான்று, பணிப்பதிவேட்டில் விடுப்புக் கணக்கு சரியாக ஏறியிருக்கிறதா என்ற இரண்டையும் பாருங்கள். நூலகப் புத்தகம், ஆய்வகச் சாவி, பசுமைப் படைப் பதிவேடு ஆகியவற்றைக் கையெழுத்து வாங்கி ஒப்படையுங்கள். எமிஸில் வகுப்பாசிரியர் பெயர் மாறியதா என்று சரிபாருங்கள், இல்லையென்றால் புதுப் பள்ளியில் உட்கார்ந்துகொண்டு பழைய வகுப்புக்கு வருகை போடச் சொல்லி ஃபோன் வரும். உங்கள் இடத்துக்கு வருகிறவருக்கு ஒரு தாளில் எழுதி வையுங்கள்: சாப்பாட்டுக் கணக்கு எத்தனை மணிக்குள் போக வேண்டும், எந்தப் பிள்ளைக்கு வலிப்பு வரும், யார் பெயரில் திருத்தம் பாக்கி இருக்கிறது, மோட்டார் சுவிட்ச் எந்த அறையில் இருக்கிறது.